ஐந்து முதல் ஆறு வரை

ஜூலை 5, சனி

விடியும்போதே சாரல். ஆறரைக்கு விட்டது. ஸ்கூட்டியில் இலஞ்சிக் குளம். லென்ஸுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டேன், எனக்கு ஒன்றும் போடவில்லை. தும்மல்.

யூடியூபில் சொன்னது அத்தனையும் செய்தாயிற்று. ஷட்டர் வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. விரலை எடுக்காமல் அழுத்தினால் வினாடிக்கு ஏழு படம். காலை வெயில், சூரியன் நம் முதுகுக்குப் பின்னால். அதனால் கிழக்குக் கரை, மடைக்குப் பக்கத்தில்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தது:
வெறும் வானம், பாதிக்கு மேல்
மலை தெளிவு, கொக்கு புகை
ஒரு இறக்கை நுனி. நல்ல அழகு. யாருடையது என்று தெரியவில்லை
முதுகு, முதுகு, முதுகு

எல்லாவற்றையும் அழித்தேன்.

மாலை ஐந்திலிருந்து ஆறு வரை வீட்டில். போன் மடியில். பவி கூப்பிடவில்லை. ஆறாவது வாரம்.

ஜூலை 6, ஞாயிறு

மழை இல்லை, காற்று மட்டும். மாடிக் கொடியில் போட்ட சேலை அடுத்த வீட்டு முருங்கையில்.

குளத்தில் சின்ன வலை போட்டிருந்தார்கள். மீன் குத்தகைக்காரரின் மனைவி பேச்சியம்மாள் கரையில் உட்கார்ந்து ஜிலேபிக் கெண்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். குடலை வீசினால் செம்பருந்து வந்து தூக்குகிறது. ஒவ்வொரு தடவையும், கருடனாச்சே, கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். செதில் ஒட்டிய கையாலேயே.

எடுத்ததைக் காட்டச் சொன்னாள்.

"என்ன டீச்சர், எல்லாம் முதுகாவே இருக்கு? ஒங்க மேல அதுகளுக்கு எதும் கோவமா?"

"தெரியலையே அக்கா."

"என்னியப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நானும் இப்பிடித்தான் திரும்பியே நின்னேன். அவிய எங்க அக்கா மூஞ்சியப் பாத்துட்டுச் சரின்னுட்டுப் போயிட்டாவ. கல்யாணத்தன்னைக்குத்தான் முழிச்சாவ."

ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தேன். கொக்கு கலைந்து போயிற்று. அதுவும் முதுகு.

5–6. வீட்டில்.

ஜூலை 9, புதன்

சாரல் காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று கேமரா விற்ற ஸ்டூடியோக்காரர் பயமுறுத்தியிருந்தார். சிலிக்கா ஜெல் பொட்டலம் எங்கேயோ வைத்த நினைவு. பீரோ அடித்தட்டைக் கிளறினேன். கோர்ட் ஃபைல். படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தேன்.

ஆங்கிலத்தில் மூன்று வரிதான். மைனர் மகள் தந்தையின் பொறுப்பில் இருப்பாள். சனி, ஞாயிறு மாலை ஐந்து முதல் ஆறு வரை தாயிடம் போனில் பேச வைக்க வேண்டும். பதினெட்டு வயது முடியும் வரை.

பன்னிரண்டு வயதில் பவியைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்பாவோடு இருக்கிறேன் என்றாள். கோயம்புத்தூர் வீடு, பள்ளிக்கூடம், அத்தை பிள்ளைகள், எல்லாம் அங்கே. நானோ மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டவள். நியாயமான பதில்தான். வெளியே வந்ததும் என்னிடம் தண்ணீர் பாட்டில் கேட்டாள். மூடியைத் திறந்து கொடுத்தேன்.

ஆறு வருஷம். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. பரீட்சை, காய்ச்சல், கல்யாண வீடு, எங்கிருந்தாலும். சில நாள் இரண்டே நிமிஷம். "சாப்ட்டேன். நீ? சரி." அது போதும். ஒரு வாரம் ஓடும்.

மே கடைசியில், பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிறு கேட்டாள்: "அம்மா, எய்ட்டீன் ஆயிருச்சுன்னா இந்தக் கால் கம்பல்சரி இல்லைதானே?"

வகுப்பில் சந்தேகம் கேட்ட பிள்ளைக்குச் சொல்வதுபோல, "ஆமா, இல்லை" என்றேன். சரியான விடை.

அதற்கப்புறம் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. மெசேஜுக்கு இரண்டு நீலக் கோடு, அவ்வளவுதான். ஜூன் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு கேமரா வாங்கினேன்.

சிலிக்கா ஜெல் கிடைக்கவில்லை. ஈரம் இழுக்கட்டும் என்று கேமரா டப்பாவுக்குள் அரிசியை மூட்டை கட்டிப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

பள்ளிக்கூடத்துக்குச் சுரண்டை பஸ். ஜன்னல் சீட். பின்னால் இரண்டு பேர்.

"ஏட்டி, அருவில குளிக்க விடுதானா?"

"எங்க விடுதான்? தண்ணி கூடிட்டுன்னு போலீஸ்காரன் தொரத்துதான். போனதுக்கு மங்குஸ்தான வாங்கித் தின்னுட்டு வந்தோம்."

கேட்டபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றாலைகள். தினம் பார்ப்பதுதான். அத்தனையும் மேற்கே பார்த்து நிற்கின்றன. ஒன்று பாக்கியில்லாமல்.

பையிலிருந்து வருகைப் பதிவு நோட்டை எடுத்துப் பின்னட்டையில் படம் போட்டேன். இந்தச் சீசன் முடியும் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று. பறவை எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். ஆக முகம் மேற்கே. நான் கிழக்கே நின்றால் முதுகுதான் கிடைக்கும். மேற்கே மேலக்கரைக்குப் போனால் முகம். ஆனால் காலையில் மேலக்கரையில் நின்றால் சூரியன் என் கண்ணில், பறவை வெறும் கறுப்பு. ஆக, மாலை. வெயில் மலைக்குப் பின்னால் போவதற்குள்.

யூடியூப் ஆட்களுக்கு எங்கள் ஊர்க் காற்று தெரியாது. எனக்குமா? பிசிக்ஸ் எம்.எஸ்ஸி. பதினெட்டு வருஷமாக வெக்டர் நடத்துகிறேன்.

சந்தோஷம் சுரண்டை பஸ் ஸ்டாண்டு வரை இருந்தது. இறங்கும்போதுதான் மாலை என்றால் எந்த நேரம் என்று உறைத்தது. வார நாளில் நான் வீடு திரும்பவே ஆறரை. சனி, ஞாயிறுதான். ஐந்து முதல் ஆறு.

ஜூலை 12, சனி

நாலு மணிக்கே போய்விட்டு ஐந்துக்குள் திரும்பலாம் என்று கணக்குப் போட்டேன். மேலக்கரையில் ஒரு ஜீவன் இல்லை. எல்லாம் தென்னந்தோப்புக்குள் அடைந்து கிடக்கிறது. சாயங்காலம் பெரிய வலை இந்தப் பக்கம்தான் இழுப்பார்களாம். அதற்குத்தான் இறங்குமாம், பேச்சியம்மாள் சொன்னாள்.

"இருந்து பாத்துட்டுப் போங்க டீச்சர். அஞ்சு மணிக்கு இழுத்துருவாவ."

"இல்லக்கா, போன் வரும்."

"போனு கையிலதான இருக்கு?"

"இங்கன டவர் இல்லையே." தோப்பு தாண்டி ரோட்டு வளைவுக்குப் போனால்தான் ஒரு கோடாவது வரும்.

"யாரு, ஒங்க வீட்டு சாரா?"

"மக."

"மகதான? எங்க போயிரப் போறா? இன்னைக்கு எடுக்கலன்னா நாளைக்குக் கூப்பிடுவா. எம் மக திருப்பூர்ல இருந்து தெனம் நாலு தடவ. யம்மா ரசத்துக்கு எம்புட்டு புளி, யம்மா மாமியா மொறைக்கா. சமயத்துல நான் போன மீன் கூடைக்கு அடியில வச்சு மூடிருவேன்."

வண்டியை எடுத்தேன். 4.58க்கு வீடு.

5.20க்கு போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தால், கிரெடிட் கார்டு வேண்டுமா மேடம். வேண்டாம் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னேன். சின்னப் பெண் குரல். இன்னும் கொஞ்சம் பேச விட்டிருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்றும் இன்றும் எங்கும் போகவில்லை. கேமரா அரிசி மூட்டையோடு டப்பாவுக்குள்.

வாங்க: உளுந்து, லென்ஸ் துடைக்கும் துணி, சிவப்பு மை.

பக்கத்து வீட்டு டிவியில் எதற்கோ கை தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

5.00. 5.15. 5.40. ஆறுக்கு மேல் ஐந்து நிமிஷம் சேர்த்து உட்கார்ந்தேன், அவள் கடிகாரம் பிந்தியிருக்கலாம் என்று. போனில் கடிகாரம் பிந்தாது.

எதற்காக இப்படி உட்கார்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். வருவாள் என்று நம்பியா? இல்லை. நம்பிக்கை ஜூனிலேயே தேய்ந்துவிட்டது. நான் வெளியே போனால், நிறுத்தியது நான் என்று ஆகிவிடும். அதற்குத்தான். இப்போது வரைக்கும் நிறுத்தியவள் அவள் மட்டும்.

இதை எழுதிவிட்டுப் படித்தால் அசிங்கமாக இருக்கிறது. அடித்து அழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூலை 26, சனி

போனேன்.

மேகம் விலகி விலகி வெயில். காற்று முதுகைத் தள்ளுகிறது. ஐந்துக்கு வலையை இழுத்தார்கள். "ஏலே, அந்த நுனிய விடாதலே" என்று குத்தகைக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்த, பேச்சியம்மாள் குடலை வீசினாள்.

எதிர்க்கரை மரத்திலிருந்து செம்பருந்து புறப்பட்டது. தாழ்ந்து, காற்றை முட்டிக்கொண்டு, ரொம்ப மெதுவாக, நின்று நின்று வருகிற மாதிரி, நேரே என்னைப் பார்த்து. வெள்ளைத் தலை. வளைந்த மூக்கு. கண். விரலை எடுக்கவே இல்லை.

பேச்சியம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். "ஆங்! இப்பத்தான மூஞ்சி!" என்று கேமராத் திரைக்கே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து இருபது இருக்கும். இப்போது கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. வீட்டில் இருந்தால் கூப்பிடவில்லை என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும். இங்கே தெரியாது. நான் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக யாரோ அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி போடுகிறாள். ஆறு மணி வரை போட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்பது வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் என் மகள் என்னைத் தேடினாள்.

ஆறே காலுக்குப் புறப்பட்டேன். தோப்பு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். இருபது அடி போனால் வளைவு. அந்தப் பக்கம் டவர். கூப்பிட்டிருந்தால் மிஸ்டு கால் என்று மெசேஜ் வரும்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தாண்டினேன். போன் ஒரு தடவை சத்தம் போட்டது. இன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்துவிட்டதாம்.

ஜூலை 27, ஞாயிறு

துணி துவைத்தேன். பிளஸ் ஒன் பேப்பர் பதினாறு திருத்தினேன். தோசை.

நாலரைக்கு மேலக்கரை. கேமராவை எடுத்துப் போனேன், உறையைக் கழற்றவில்லை. ஐந்திலிருந்து ஆறு வரை வரப்பில்.

திரும்பும்போது அதே இடத்தில், டவருக்கு இந்தப் பக்கமே நிறுத்தினேன். ஆறேகால், ஆறரை. குற்றாலம் போகிற வண்டிகள் வளைவில் ஹாரன் அடித்துத் திரும்பின. பேச்சியம்மாள் வீட்டுக்காரரின் வண்டியில், மடியில் மீன் கூடையோடு வந்தாள். நிறுத்தச் சொன்னாள்.

"என்ன டீச்சர், வண்டி நின்னுட்டா?"

"இல்லக்கா."

"பெட்ரோல் இல்லையா? அவிய வந்து தள்ளுவாவ. வளைவு தாண்டுனா எறக்கந்தான்."

"வேண்டாம்க்கா. நீங்க போங்க. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கேன்."