எனக்கு முன்னால் ஓடும் அப்பா

ஒஷாவா
26.05.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்களுடைய சுகம் விசாரிக்க முதல் உங்களோடு சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. போனில் தொடங்கினால் நீங்கள் கத்துவீர்கள், பிறகு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள். கடிதமென்றால் முழுக்க வாசித்துத்தானே ஆகவேண்டும்.

சனிக்கிழமை கார் ஓட்டம் தொடங்க முதல் என் காருக்குள் இருக்கிறேன். வழமைபோல ரயர் கழற்றுகிற சாவியோடு பக்கத்தில் நிற்கிற அப்பாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் வரிசையின் கடைசியில் ஒரு பச்சைக் கார், அதற்குள் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு நீங்கள்! எனக்கு ஒரு சொல் சொல்லாமல் றேஸ் லைசன்ஸ் எடுத்து, பழைய கார் வாங்கி, அதுவும் நான் ஓடுகிற பிரிவிலேயே றேஸ் ஓட வந்திருக்கிறீர்கள், நாற்பத்தெட்டு வயதில். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னோடு ஓடுகிற பெடியள் எல்லாரும் உங்களுக்குக் கைதட்டினார்கள்.

கொடி அசைத்த பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களின் பின் பம்பரில் மஞ்சள் பட்டி ஒட்டுவது, பின்னால் வருகிறவன் கவனமாக வரட்டும் என்று. உங்களுக்கு அதை முன் பம்பரிலும் ஒட்டியிருக்க வேண்டும். மூன்று பேரை இடித்து, அதில் ஒருவனைப் புல்லுக்குள்ளே தள்ளிவிட்டீர்கள். அப்பா, இது காரை இடித்து உடைக்கிற போட்டி இல்லை. ஓடும்போது பம்பரும் பம்பரும் லேசாகத் தொடும், அது நடக்கிறதுதான். ஆனால் வளைவில் ஒருவன் பக்கத்தில் வந்துவிட்டால் அவனுக்கு ஒரு கார் அகலம் இடம் விடவேண்டும். அதுதான் அங்கே மரியாதை. மூன்று வருஷமாக நான் அப்படித்தான் ஓடுகிறேன். அத்தனை வெள்ளைக்காரப் பெடியளுக்கு நடுவில் ஒரு தமிழ்ப் பெட்டை. நான் ஒருநாள் பிழையாக ஓடினால் ஒரு வருஷத்துக்கு அதையே கதைப்பார்கள். அங்கே எனக்கென்று இருப்பது அந்த நல்ல பெயர் மட்டும்தான்.

ஓடவேண்டாம் என்று சொல்லவில்லை. ஒழுங்காக ஓடுங்கோ. அம்மா தந்துவிட்ட இடியப்பத்தை அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று சொல்லுங்கோ.

அன்பு மகள்,
கௌசி


ஸ்காபரோ
03.06.1997

அன்பு மகள் கௌசிக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் கடிதம் வந்தது. அம்மா அதை வாசித்துவிட்டு இரண்டு நாளாகச் சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னைப் புதுசு என்கிறாய். பிள்ளை, நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கின காலத்தில் பருத்தித்துறை வீதியில் மினிபஸ் ஓடினவன் நான். முன்னால் போகிற பஸ்ஸை முந்தாவிட்டால் அடுத்த தரிப்பில் ஏற்றுவதற்குச் சனம் இருக்காது. அங்கே ஒரு கார் அகலம் விட்டுக்கொண்டு நின்றிருந்தால் வீட்டில் அடுப்பு எரிந்திராது. இங்கே பத்து வருஷமாகப் பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் ஏற்றுகிற வான் ஓடுகிறேன், ஒரு கீறல் விழுந்ததா, கேட்டுப் பார்.

மரியாதையைப் பற்றி எனக்கு எழுதுகிறாய். போன வருஷம் உன்னைச் சுவரில் அடித்தானே ஒருத்தன், அவனுக்கு ஆர் கடிதம் எழுதினது?

சரி, நீ சொன்னதற்காகப் பார்த்து ஓடுகிறேன். அந்த ஹெல்மெட் எனக்குச் சரியான இறுக்கம். உங்களுக்குத் தலைக்கனம் எண்டு இப்பவாவது விளங்குதோ என்று அம்மா நக்கலடிக்கிறா. நேரத்துக்குச் சாப்பிடு. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது வெளிச்சமான இடத்தில் நில்.

இப்படிக்கு,
அன்பு அப்பா
அருள்நாயகம்


ஒஷாவா
30.06.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று வருஷமாகக் காத்திருந்த கப் என் மேசையில் இருக்கிறது. சனிக்கிழமை நீங்கள் என்னைத் தூக்கப் பார்த்தீர்கள். கண்பட்டுவிடும், நாவூறு கழிக்கவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றா. நானும் அப்போது துள்ளிக்கொண்டுதான் நின்றேன்.

நீங்கள் இருவரும் போன பிறகு காரை ட்ரெயிலரில் ஏற்ற ஒருவரும் கை தர வரவில்லை. எந்தச் சனிக்கிழமையும் கேட்காமலே வருகிறவர்கள். கப்பையும் கொண்டு நடந்து போக ஒரு பெடியன், “உனக்கென்ன, அப்பா முன்னுக்குப் போய் றோட்டைத் துப்புரவாக்கித் தாறார்” என்று தங்கள் பாஷையில் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கப்பைக் காருக்குள் போட்டு மூடினேன்.

எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் கோர்டன். நீங்கள் ஒரு சுற்றுப் பின்தங்கி இருந்தீர்கள். உங்களுக்கு வெல்ல ஒரு வழியும் இல்லை. அப்படியிருந்தும் வளைவில் அவருக்கு உள்பக்கத்தால் புகுந்து இடித்தீர்கள். அவர் சுற்றிப்போய்ச் சுவரில் மோதினார், நான் முதலாவதாகிவிட்டேன். உங்கள் கார் வழுக்கிவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். அவருக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டதாம். கூரை போடுகிற வேலை செய்கிற மனுசன், இந்தக் கோடை முழுக்க ஏணியில் ஏற முடியாது.

அப்பா, அது கை தவறி நடந்ததா? ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. வேறொன்றும் எழுத வேண்டாம்.

மகள்,
கௌசி


ஸ்காபரோ
08.07.1997

அன்பு மகள் கௌசிக்கு,

வேறொன்றும் எழுத வேண்டாம் என்றாய். எழுதத்தான் போகிறேன்.

நானும் அம்மாவும் ஸ்ரௌவ்வில்லில் கோர்டன் வீட்டுக்குப் போனோம். அம்மா ஆட்டெலும்பு சூப் வைத்துக் கொண்டுவந்தா. அவருடைய மனுசி கதவைத் திறந்து, சூப்பையும் பார்த்து, என்னையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினா. அவவில் பிழை சொல்ல ஏலாது.  அம்மா இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

கை தவறவில்லை, பிள்ளை.

போன செப்டம்பர் உன் கார் சுவரில் அடிபட்டுப் புகைந்துகொண்டு நின்றது. நீ வெளியே வரவில்லை. நான் ஓடி வந்தேன். ஓடுபாதைக் கேற்றில் நின்றவன் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளி, ஓடுகிறவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்றான். நான் பெத்த பிள்ளை அங்கே கிடக்கிறாள், நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு குளறி அழுகிறேன், ஆரோ நாலுபேர் உன்னை இழுத்து எடுக்கிறார்கள். உனக்கு ஒன்றுமில்லை என்று கேள்விப்படும்வரைக்கும் நான் செத்துப் பிழைத்தேன். அன்றைக்கு முடிவெடுத்தேன், இனி வெளியே நிற்பதில்லை என்று. எனக்கென்ன, இந்த வயதில் கப் வாங்கவா ஆசை? உன்னை அடித்தவனைத்தான் மே மாதம் புல்லுக்குள் தள்ளினேன். கோர்டன் நல்ல மனுசன், எனக்கும் தெரியும். ஆனால் உனக்கு வழி விடாமல் அடைத்துக்கொண்டு ஓடினார். உனக்கு வழி வேண்டும், எனக்கு அது மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. எலும்பு முறியும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

தற்செயலாக நடந்தது என்றுதான் அங்கே றேஸ் நடத்துகிறவர்களின் ஒவ்வீசில் சொல்லியிருக்கிறேன். நீயும் வாயைத் திறக்காதே. கப் உன்னுடையது, வைத்துக்கொள்.

அன்பு அப்பா


ஒஷாவா
16.07.1997

அப்பா,

கப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் எனக்கு எழுதியதை ஒவ்வீசிலும் சொல்லிவிட்டேன். என்னுடைய அப்பா வேண்டுமென்றே இடித்தார், எனக்காக இடித்தார் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். மெல்லச் சொன்னதால் அவர்களுக்குக் கேட்கவில்லை, இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் றேஸ் லைசன்சைப் பறித்துவிட்டார்கள். இதை வேறு ஆரும் சொல்லி நீங்கள் கேள்விப்படக் கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

என்னை இனி ஓட விடுவதா என்று உள்ளே கூடிக் கதைத்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். கையைத் தொங்கப் போட்டுக் கட்டியிருந்த கோர்டன்தான், “அவள் ஓடட்டும்” என்றாராம். ஆனால் என்னைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சின்ன வயதில் ரியூசனுக்குப் பின்னாலேயே வந்தீர்கள். டோனட் கடையில் முதல் வேலை கிடைத்தபோது மூலை மேசையில் ஒரு கோப்பியோடு என் வேலை முடியும்வரைக்கும் இருந்தீர்கள். மனேஜர் உங்களைப் பொலிஸ் என்று நினைத்துப் பயந்துவிட்டான். இதையெல்லாம் சிநேகிதிகளுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், பெருமையாகவும் இருந்தது. இப்போது நடந்ததை ஆரிடம் சொல்லிச் சிரிப்பது? ஒரு மனுசனின் எலும்பு, அப்பா!

அந்த வளைவில் கோர்டனை நான் வெளிப்பக்கத்தால் முந்தியிருப்பேன். முந்தாமலும் விட்டிருப்பேன். எது என்று இனி எனக்கு ஒருநாளும் தெரிய வராது. மகளால் தனியாக வெல்ல முடியும் என்று நீங்கள் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. சுவரில் அடிபட்டது பெரிசாக நோகவில்லை. இது நோகுது.

இனி எனக்கு முன்னால் வராதீங்கோ. கோபத்தில்தான் எழுதுகிறேன். கோபம் ஆறின பிறகும் இதைத்தான் சொல்லுவன்.

கௌசி


ஒஷாவா
25.08.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. பச்சைக் காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னா. சனிக்கிழமைகளில் ரீவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருக்கிறீர்களாம். போனை எடுத்தாலும், “அம்மாட்டைக் குடுக்கிறன்” என்பதோடு சரி.

எனக்கும் இங்கே லேசாக இல்லை. நான் ஒருவரை முந்தினால் கூச்சல் போடுகிறார்கள். என்னை ஆரும் இடித்தால் கைதட்டுகிறார்கள். நான் திருப்பி இடிப்பதில்லை. போன சனிக்கிழமை நாலாவதாக வந்தேன். காரை ஏற்றும்போது ஒரு பெடியன் கேட்காமலே வந்து ஒரு பக்கம் பிடித்தான். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, ரயருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

இந்த வருஷத்தின் கடைசி ஓட்டம் செப்டம்பர் இருபதாம் திகதி. வரச் சொல்லி எழுதவில்லை. திகதியைத்தான் சொன்னேன்.

அன்பு மகள்,
கௌசி


ஸ்காபரோ
22.09.1997

அன்பு மகள் கௌசிக்கு,

நான் பதில் எழுதாதது கோபத்தால் இல்லை. பேனையை எடுத்தால் என் பக்க நியாயத்தைத்தான் எழுதுவேன் என்று எனக்கே தெரியும்.

சனிக்கிழமை வந்திருந்தேன். அம்மாவுக்கும் சொல்லவில்லை. மற்றச் சனம் மாதிரி ரிக்கெற் எடுத்து, தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, மேல் வரிசையில் இருந்தேன். அந்தச் சிவப்புக் கார்க்காரன் உன்னை இரண்டு தரம் இடித்தான். இரண்டாம் தரம் நீ சுழன்று போய்ப் புல்லுக்குள் நின்றாய், இஞ்சினும் நின்றுவிட்டது. நான் எழும்பிவிட்டேன். படியில் ஒரு காலும் வைத்துவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் மறைக்காதே, கீழே இரு என்று கத்தினார்கள். இருந்தேன், கௌசி. எப்படி இருந்தேன் என்று கேட்காதே.

நீ ஸ்ராட் பண்ணிக் கடைசியிலிருந்து வந்தாய். ஒவ்வொருவனுக்கும் இடம் விட்டு விட்டு முந்தினாய். அந்தச் சிவப்புக் காரையும் தொடாமல் முந்தினாய். நானாக இருந்தால் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். நீ மூன்றாவதாக வரச் சனம் எழும்பி நின்று கைதட்டியது. நன்றாகக் காது கொடுத்துக் கேட்டேன், உனக்குத்தான் தட்டினார்கள்.

பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரன் என் தோளில் தட்டி, “அந்தப் பிள்ளை என்னமாய் ஓடுறாள், ஆரெண்டு தெரியுமோ?” என்று கேட்டான். இந்த ஊரில் பாண் வாங்குகிற கடைக்காரரிலிருந்து பல்லுக் கட்டின டொக்ரர் வரைக்கும், அவர்கள் கேட்க முதலே உன்னைப் பற்றிச் சொன்னவன் நான். என்னுடைய மகள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நான் ஆரென்று அவனுக்குத் தெரிந்துவிடும், ஜூன் மாதம் நடந்தது நினைவுக்கு வரும், பிறகு நீ ஓடினது மறந்துபோகும்.

“தெரியாது” என்று சொன்னேன்.

சொன்ன பிறகு அங்கே இருக்க முடியவில்லை. வானுக்குள் வந்திருந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

அன்பு அப்பா