டு லெட் போர்டுக்குக் கீழே ஒட்டிய காகிதம்

என் ஜோக்குக்கெல்லாம் முதல் ஆளாகச் சிரித்த ரியாஸுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. அனகாபுத்தூரில் மழை விட்டுவிட்டது. உங்கள் சந்தில் மட்டும் தண்ணீர் இன்னும் குடியிருக்கிறது, வாடகை கொடுக்காமல். பார்த்தாயா, இப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஆனால் இது சிரிக்க எழுதிய கடிதம் இல்லை. உன்மேல் கோபம்டா.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் நடக்கிற பேச்சுக் கூட்டத்துக்கு நேற்று தனியாகப் போனேன். வடை தருகிறார்கள் என்றுதான் முதலில் போனோம். வட்டமேசை மாநாடு இல்லை, வடைமேசை மாநாடு என்றேன். நீ டீயைத் துப்பிச் சிரித்தாய். வேறு தெருவில் இருக்கிற, வேறு சாமி கும்பிடுகிற ஆள் ஒருவரை எதிரில் உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். அடுத்த முறை அவர் கதையை நாம் எழுந்து நின்று, நமக்கே நடந்த மாதிரி ‘நான்’ என்று சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

அங்கே நீ கடைசியாக எதிரில் உட்கார்ந்து பேசியது ஸ்டெல்லா டீச்சரிடம். மறுவாரம் நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில். டீச்சர் உன் கதையை இத்தனை நாள் வைத்திருந்து நேற்றுதான் எழுந்தார்.

“எங்க சந்துல வருஷா வருஷம் வெள்ளம். மேட்டுத் தெருவுல மாடி வீடு காலின்னு அம்மாவ கூட்டிட்டுப் போனேன். டு லெட் போர்டுக்குக் கீழ ஒரு பேப்பர். ‘பிரியாணி வாசம் ஆகாது, பாய் வீட்டுக்குக் கிடையாது.’ அம்மா ரெண்டு தடவ படிச்சாங்க. பெல் அடிக்காமயே திரும்பிட்டாங்க. அது என் ஃப்ரெண்டோட எழுத்து. அம்மாகிட்ட சொல்லல. அவன்கிட்டயும் சொல்லல.”

ஃப்ரெண்ட் யார் என்று டீச்சருக்குத் தெரியாது. நீ பேர் சொல்லவில்லையாம்.

டியூஷனுக்கு அந்த வழியாகத்தான் வருவாய் என்று, நீ ஒருத்தன் பார்த்துச் சிரிக்க நான்தான் ஜோக்காக எழுதி ஒட்டினேன். நீங்கள் வீடு தேடுவதே எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் பேப்பரைப் பார்த்தாயா என்று கேட்டபோது, “செம மச்சான்” என்று சிரித்தாயே, அது பொய்யா? அப்படியென்றால் இன்னும் எத்தனை பொய்? துப்பிய டீயாவது நிஜமா?

ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்ச். ஒரு மணி நேரம் பழகிய டீச்சருக்கு எல்லாம் சொன்னாய், எனக்கு ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாதா? “லூசு, எங்கம்மா பாத்துட்டாங்கடா” என்று ஒரு அறை விட்டிருந்தால் அன்றைக்கே ஓடிப்போய்க் கிழித்திருப்பேனே.

இன்று காலை அந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன். “யாரும் வந்து கேக்கலியேப்பா. கேட்டா குடுத்திருப்பேன்” என்றார். அந்த மாடி கிடைத்திருந்தால், அந்தச் சந்துக் கொசு, அந்தக் காய்ச்சல்... இந்தக் கேள்வியை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த ஞாயிறு உங்கம்மா கூட்டத்துக்கு வருகிறார்கள். என் எதிரில்தான் உட்காருவார்களாம், உன்னைப் பற்றி என்னிடம் பேசணுமாம். அங்கே நான் உண்மையைச் சொன்னால், வழக்கப்படி அவர்கள் எழுந்து நின்று, ‘நான்தான் அந்தப் பேப்பரை ஒட்டினேன்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். அது அவர்கள் வாயில் வரக் கூடாது.

அதனால் அதற்கு முன்னாலேயே, பேன்ட்டை மடித்துக்கொண்டு உங்கள் சந்துத் தண்ணீரில் இறங்கி வீட்டுக்கு வருவேன். சத்தியமாக, எப்போதும் விளையாட்டுக்குச் செய்வதுபோல் இந்தத் தடவை பெல் அடித்துவிட்டு ஓட மாட்டேன்.

நீ அறையாமல் விட்ட மச்சான்,
கிஷோர்