தென்கரைக் குதிரையின் குடத்தில் வந்த கோமியம் குறித்து

வளமும் வாய்மையும் ஓங்குக. வெண்குன்றநாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் கோமகன் பெருநற்கோவின் திருவாய்மொழிப்படி, முதலமைச்சர் ஆதன் நக்கன், தென்கரைக்கு அதிபரும், நூறு குதிரைகளை உடையவரும், விளக்கம் சொல்வதில் நிகரற்றவருமான இளங்காரியரையர் காண விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைந்திருக்கவும் குடிகள் நலமுறவும் வாழ்த்துகிறோம். வாழ்த்து இத்துடன் நின்றது, இனி விஷயம்.

ஆண்டுதோறும் நாம் நடத்தும் பந்தயம் வேடிக்கைக்கு அன்று. வென்ற குதிரையே எல்லைக்கு அவசர ஓலை சுமக்கும் என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். சென்ற ஆண்டு தங்கள் குதிரை அபின் உருண்டையின் வேகத்தில் வென்றது. பகைவர் வருகையை எச்சரிக்கும் ஓலையுடன் அதன்மேல் சென்ற தூதன் பொறையன், அது நடுவழியில் நுரை தள்ளி மாண்டு விழுந்ததால் கால் முறிந்து, தவழ்ந்தும் நொண்டியும் இரண்டு நாள் தாமதமாகச் சேர்ந்தான். அதற்குள் எல்லையில் மூன்று ஊர்கள் எரிந்துபோயின.

ஆகவேதான் அபின் கலந்துள்ளதா எனச் சோதிக்க, இவ்வாண்டு வென்ற தங்கள் குதிரையின் சிறுநீரைக் குடத்தில் பிடித்து அனுப்பப் பணித்தோம். வந்த குடத்தை மூக்கருகே கொண்டுபோன மாத்திரத்தில், குதிரை வைத்தியர் சாத்தன் கொற்றனார் எம்மை ஏறிட்டு நோக்கி, இது பசுவினுடையது என்றார். காரணம் கேட்டோம். குதிரை மூத்திரத்தை அரசவைக்கு அனுப்புவது அபசாரம் என்று தங்கள் லாயத்தார் அஞ்சி, மங்கலம் கருதிக் கோமியம் நிரப்பியதாக மறுமொழி விடுத்தீர்கள். ஐயா, அவையில் தெளிப்பதற்கா அதைக் கேட்டோம்? இரண்டாம் குடத்தை மஞ்சளும் துளசியும் இட்டு மணக்க மணக்க அனுப்பினீர்கள். மூன்றாம் முறை வந்தது குடமே அன்று. குதிரை அபினை முகர்ந்ததும் இல்லை என்ற சத்திய ஓலை. எமக்கு அலுத்துவிட்டது. வைத்தியரோ குடம் என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுகிறார்.

கால் இன்னும் சரியாகக் கூடாத பொறையன், ஆணையாயின் இக்குதிரையிலும் ஏறுவேன் என்று நேற்று வந்து வணங்கினான். எமக்கு வெட்கமாயிருந்தது. அவனை ஏற்ற மனம் ஒப்பவில்லை.

ஆதலால் கோமகன் ஆணை யாதெனில், இனிக் குடம் வேண்டா. வரும் பஞ்சமியன்று எல்லைக்குச் செல்லும் ஓலையை, தாங்கள் சத்தியம் செய்த அக்குதிரை மீது ஏறித் தாங்களே கொண்டு செல்க. குதிரை தூயதாயின் மறுநாள் மாலைக்குள் நலமே சேர்வீர்கள். அபின் தின்றதாயின், ஏறுமுன் சொல்லிவிடுக. அப்போது கோமகன் கேட்பது தங்கள் பதவியை மட்டுமே.

கோமகன் கண்முன் அரக்கில் இலச்சினை பதித்தோம். விடையோலை எழுத வேண்டா, சேணம் பூட்டுக.