கிரசியேலாவின் பக்கத்தில் என் பெயர்

சுகர் லேண்ட்
6 டிசம்பர் 1997

அன்புள்ள அக்கா,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஓவியா இப்போதுதான் தூங்கினாள்.

கிரசியேலா என்று ஒரு பத்திரிகைக்காரி, மெக்சிகோக் குடும்பத்துப் பெண். இருபது வருஷமாக இந்த ஊர் ஜனங்களின் பண்டிகை, சமையல், சாவு என்றே எழுதுகிறாள். பொங்கல் கட்டுரைக்காக என்னைக் காரில் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். ஆன்ட்டிகள் பேசியதை நான்தான் மொழிபெயர்த்தேன். சம்பளமெல்லாம் இல்லை.

"உன் பேரையும் என் பேரோட போடப்போறேன்" என்றாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். "உன் விசால வேலை செய்யக் கூடாதுடி. பேப்பர்ல பேர் வந்தா வேலைன்னுதான் அர்த்தம். க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிருக்கோம். எடுக்கச் சொல்லு."

கிரசியேலாவிடம் என் பயத்தை மட்டும் சொன்னேன். "எங்கம்மாவும் இப்படித்தான், குடியேற்றப் பேப்பர்ஸுக்குப் பயந்து கடைசிவரை எதுலயும் பேரே இல்லாம இருந்தா" என்றாள்.

அவர் நல்லவர்தான் அக்கா. அடுத்த வருஷம் கார் ஓட்டக்கூடக் கற்றுத்தருகிறாராம்.

பெயரை எடுக்கச் சொல்லிவிட்டதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். கிரசியேலாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஜனவரி பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. என்ன செய்யட்டும்? சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை