மேசையின் மறுமுனை

இன்று காலை, பிள்ளைகள் வருமுன், தையல் அறையில் பூ அச்சடித்த புதுச் சீத்தைத் துணி ஒன்றை விரித்தேன். துணிக்குப் போட்ட கடைக் கஞ்சியின் மணம் குப்பென்று வந்தது. உடனே நிமிர்ந்து மேசையின் மறுமுனையைப் பார்த்தேன். நீர் அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் பார்த்தேன்.

தையல் பாடத்துக்கு இரண்டு ஆசிரியைகள் இந்தத் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு அதிகம் என்று அதிபர் ஒருமுறை முணுமுணுத்தார். "துணிக்கு ரெண்டு முனை இருக்குதெல்லே சேர்," என்றீர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் வெட்டுவேன். நீர் எதிரே பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோல் துணியில் படுமுன் கேட்பீர்: "திருப்பினனீரோ?" மாதிரிக் கடதாசியைத் திருப்பிப் போடாமல் அடுத்த கையை வெட்டினால் சட்டைக்கு இரண்டும் இடக்கையாகவே வரும். அது எனக்குத் தெரியாததா? "ஓமப்பா, என்னைச் சின்னப்பிள்ளை எண்டு நினைச்சீரோ?" என்று எரிந்து விழுவேன். நீர் கேட்பதை நிறுத்தியதில்லை.

வைத்தியத்துக்கென்று கொழும்புக்குப் போன நீர் பெட்டியில் திரும்பி வந்தீர். உம்முடைய இடத்துக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரும் பஸ் மண்டைதீவைத் தாண்டும்போது பக்கத்து இருக்கையில் என் கைப்பைதான் இருக்கிறது. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், சம்பலுக்கு உப்புக் கூடிவிட்டது என்று சொல்லக்கூட ஆளில்லை. தனிமை இவ்வளவு சின்னச் சின்ன விஷயங்களில் வந்து உட்காரும் என்று முன்பு எனக்குத் தெரியாது.

போன மாதம் அது நடந்தது. தரம் பத்தில் படிக்கும் ஜெசிந்தாவின் தகப்பன் கடற்றொழில் செய்பவர். கோயில் திருநாளுக்கு மகள் தானே தைத்த சட்டையைப் போடவேண்டும் என்று ஆசைப்பட்டு அளவாகத் துணி வாங்கிக் கொடுத்திருந்தார். மடித்து வெட்டத் துணி காணாது. கைகளை ஒவ்வொன்றாகத்தான் வெட்டவேண்டும். பிள்ளை பயந்தாள் என்று நானே வெட்டினேன். எதிரே நின்று கேட்க ஒருவருமில்லை. இரண்டும் இடக்கை!

அவள் துணியைத் தடவிக்கொண்டு நின்றாள். கண் நிரம்பிவிட்டது. எனக்கும்தான். அப்போது நீர் பிள்ளைகளுக்குச் சொல்வது ஞாபகம் வந்தது: "பிழை ஒரு இடத்தில நிண்டால் பிழை. ரெண்டு மூண்டு இடத்தில வைச்சால் டிசைன்." ஒரு கையின் அச்சு வெளிறிய உட்புறத்தை வெளியே திருப்பினோம், அது வலக்கையாகிவிட்டது. கழுத்துப் பட்டியையும் பையையும் அதே வெளிறிய பக்கம் தெரியத் தைத்தோம். திருநாளன்று, "எந்தக் கடையில எடுத்தது?" என்று அவளிடம் கேட்டார்களாம். இதை நான் யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

அன்றுமுதல் வகுப்பில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். யார் வெட்டினாலும், நானே வெட்டினாலும், உம்முடைய முனையில் ஒருத்தி நின்று கேட்கவேண்டும். இன்று காலை விரித்த துணியை வெட்டும்போது அங்கே நின்றவள் ஜெசிந்தா.

"திருப்பினனீங்களோ ரீச்சர்?"

நான் எப்போதோ திருப்பிவிட்டேன். ஆனாலும் காது கேளாதவள் மாதிரி நின்றேன்.

"என்ன பிள்ளை கேட்டனீர்? இன்னொருக்காக் கேளும்."