ஊட்டா ஆய்த்தா?

6.9.90 வியாழன்

காலையிலிருந்து தூறல். ஸ்வெட்டர் எடுத்தாகிவிட்டது. பேக்டரியில் பத்தரைக்குக் கரண்ட் போனது, வரவே இல்லை. ஜெனரல் ஷிப்ட் ஆட்களைப் பதினொன்றரைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், மொபெட்டுக்கு பிரேக் கேபிள், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

நான் வந்தபோது வசந்தா கொல்லைப்பக்கம் இருந்தாள். வீட்டுக்காரம்மா கௌரம்மாவின் எருமைத் தொட்டியில் சோற்றைக் கொட்டிக்கொண்டிருந்தாள். குழம்போடு, ஒரு ஆள் சாப்பாடு. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஊசிப் போச்சுங்க."

காலையில் ஆறு மணிக்கு வடித்த சோறு. இந்தக் குளிரில் அதற்குள் ஊசிப்போகுமா?

"நீ சாப்ட்டியா?"

"அப்பவே ஆச்சுங்க."

எனக்கு உடனே தட்டு வைத்தாள். கத்தரிக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம். பக்கத்தில் நின்றுகொண்டே பரிமாறினாள். நான் வாயில் வைக்கும் ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றாள். இந்த மூன்று வருஷத்தில் எனக்குப் பேண்ட் இரண்டு தடவை பிரித்துத் தைத்தாயிற்று.

கை கழுவும்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி மூன்று வருஷம். இவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பொம்பளைகள் கடைசியில் சாப்பிடுவது எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அம்மாவும் அப்படித்தான். அடுப்படிக்குள் போய் யார் எட்டிப் பார்த்தது?

சம்பளம் வாங்குவது இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்கு. தலைமுடிப் பருமன் தப்பினாலும் பிடித்துவிடுவேன் என்று பேர். இந்த டைரி பறக்காமல் மேலே வைத்திருக்கும் கியர்கூட நான் பிடித்த ரிஜெக்ட்தான். ஒரு பல் உடைந்தது, எடை ஒன்றரை கிலோ. கேட் பாஸ் போட்டு எடுத்து வந்தேன். வ.வின் வளையல் முழங்கை வரைக்கும் ஏறுவதை மட்டும் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

8.9.90 சனி

தூறல் விட்டது. பிரேக் கேபிள் போட்டாயிற்று.

வ. இன்றைக்கு விரதம். நேற்றும் விரதம். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்:

திங்கள் - சிவனுக்கு.
செவ்வாய் - முருகனுக்கு.
வெள்ளி - அம்மனுக்கு.
சனி - பெருமாளுக்கு. (கௌரம்மா சொல்லிக் கொடுத்தது.)
போதாததற்கு ஏகாதசி, சதுர்த்தி, கிருத்திகை, அமாவாசை.

மிச்சம் புதன், வியாழன், ஞாயிறு. புதனும் வியாழனும் 'அப்பவே ஆச்சு'. ஞாயிறு தலைவலி. தமிழ் சாமி, கன்னட சாமி, தெலுங்கு சாமி எல்லோரும் சேர்ந்து என் பெண்டாட்டியைப் பட்டினி போடுகிறார்கள். எழுதும்போது சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கௌரம்மா தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று கேட்பார்: "ஊட்டா ஆய்த்தா, வசந்தம்மா?" சாப்பாடு ஆச்சா என்று. இந்தப் பக்கம் அதுதான் வணக்கம். உள்ளேயிருந்து இவள், "ஆய்த்து, கௌரம்மா!" அவர், "ஒள்ளேது", நல்லது என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு போய்விடுவார். மூன்று வருஷமாகத் தினமும் காதில் விழுகிறது. எத்தனை பொய்.

12.9.90 புதன்

அரை நாள் லீவு. சூளகிரியிலிருந்து அம்மா வந்திருக்கிறது. கேழ்வரகு மாவு, புளி, ஒரு சீப்பு வாழைப்பழம்.

காலையில் வ. பின்பக்கம் வாந்தி எடுத்தாள். அம்மா ஓடிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டது. எத்தனை நாள் ஆச்சு என்று காதில் கேட்டிருக்கிறது. நாலு மாசம் என்றிருக்கிறாள். அவ்வளவுதான். அம்மா முகத்தில் ஆயிரம் பல்பு.

"விசேஷம்டா! என்னாத்துக்கு எங்கிட்ட சொல்லல? அதான் புள்ள சோறு எறங்காம கெடக்கு. பாவி, நீ என்னமோ கொலகாரனாட்டம் பாத்துனு நிக்கற!"

எனக்கும் ஒரு நிமிஷம் கால் தரையில் இல்லை. எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று நம்ப அவ்வளவு ஆசை. வ. மட்டும் சுவரைப் பார்த்து நின்றாள்.

மத்தியானம் லேடி டாக்டரிடம் போனோம். அம்மா வழியிலேயே கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிவிட்டது. டாக்டர் பத்து நிமிஷம் பார்த்தார். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"விசேஷம்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒடம்புல சத்தே இல்ல. அதான் நின்னு போச்சு. வாந்தி தானா வரல, அவங்களா எடுக்கறாங்க. மருந்து எங்கிட்ட இல்ல. பெங்களூர்ல மனசுக்குப் பாக்கற டாக்டருக்கு எழுதித் தரேன்."

வளையலை அம்மா பையிலேயே வைத்துக்கொண்டது. பஸ் ஏறும்போது, "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டினு போவ? ஊர்ல என்னான்னு சொல்லுவன்?" என்று கேட்டது. ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.

18.9.90 செவ்வாய்

பெங்களூர். அத்திப்பள்ளி தாண்டியதும் மழை. பஸ் ஜன்னல் கண்ணாடி இல்லாமல் இரண்டு பேரும் நனைந்தோம்.

டாக்டரம்மாவுக்குக் கன்னடம் கலந்த தமிழ். நல்ல மாதிரி. இவளிடம் தனியாக ஒரு மணி நேரம். பிறகு என்னையும் உட்கார வைத்தார். சொன்னதில் நினைவிருப்பது:

இது பிடிவாதம் இல்லை, பக்தியும் இல்லை, நோய்.
தினமும் மூன்று வேளையும் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பேச்சு சாப்பாட்டைப் பற்றி இருக்கக் கூடாது.
அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.
வாரம் ஒரு தடவை எடை. இன்னும் ஒரு கிலோ இறங்கினால் யோசிக்கவே கூடாது, உடனே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இருதயம் தாங்காது.

கடைசியைச் சொன்னபோது வ. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க வுட்டுட்டுப் போயிடாதீங்க."

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டரம்மா கேட்டதற்கு அவள் சொன்னதாம்: கல்யாணமான புதிது, மலைக்கோயில் ஏற்றத்தில் மொபெட் திணறியது. "ரெண்டு பேருன்னா இழுக்கும், நீ ஒருத்தியே ஒண்ணரை ஆளு எடை, எப்படி இழுக்கும், எறங்கி நட" என்று நான் சொன்னேனாம். பின்னால் வந்த பேக்டரிக்காரர்கள் சிரித்தார்களாம். அவள் மேலே வரைக்கும் நடந்தாளாம்.

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன். நான் சொல்லக்கூடிய ஆள்தான்.

ஒரு பேச்சினால் மட்டும் இது வராது, குற்றவாளியைத் தேடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. இருக்கட்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் வழி முழுக்க மனசு அந்த ஏற்றத்திலேயே இருந்தது.

22.9.90 சனி

புரட்டாசி முதல் சனி. கௌரம்மா துளசியோடு வந்தார். "நம்ம வசந்தம்மா மாதிரி பக்தி யாருக்கு இருக்குது?" இந்த வருஷம் விரதம் கிடையாது, டாக்டர் உத்தரவு என்றேன். சாமிக்கே நான் மெமோ கொடுத்த மாதிரி பார்த்தார்.

இரண்டு தட்டு, ஆளுக்கு இரண்டு இட்லி. நான்தான் பரிமாறினேன். கிரிக்கெட் பேசினேன், கேண்டீன் போண்டாவைப் பற்றிப் பேச வாயெடுத்து நிறுத்தினேன், ஷிப்ட் மாற்றுவதைப் பற்றிப் பேசினேன். என் தட்டு காலி. அவள் இட்லியைப் பிய்த்து, பிய்த்ததைப் பிய்த்து, ரவை ரவையாக்கி வைத்திருக்கிறாள். ஒரு மணி நேரம்.

கத்திவிட்டேன். "ரெண்டு இட்லி திங்கறதுக்கு ஒரு ஆளு காவல் இருக்கணுமா? யாரைக் கொல்லப் பாக்கற நீ?" தட்டைத் தள்ளினேன். சுவர் வரைக்கும் போனது.

அவள் குனிந்து ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும் தெரியுதுங்க. கை வரமாட்டேங்குது. கிட்ட கொண்டுபோனா யாரோ புடிச்சுக்கற மாதிரி இருக்குது."

நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல எனக்கு வரவில்லை. அதுவும் ஒரு நோய்தான் போல.

23.9.90 ஞாயிறு

பஸ் ஸ்டாண்ட் எடை மெஷின். கலர் பல்பு, சுற்றுகிற சக்கரம், காசு போட்டால் சீட்டு. பின்பக்கம் ஜோசியம்: 'உங்கள் முயற்சிகள் கைகூடும்.' எடையைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அப்படியே செய்தேன்.

காலை அரை இட்லி. மாலை ஒரு பிஸ்கட், பால் அரை டம்ளர். எழுதி வைக்கிறேன்.

30.9.90 ஞாயிறு

ஒரு கிலோ கூட!

இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, முழுசாக ஒரு கிலோ. பஸ் ஸ்டாண்டிலேயே அவள் கையைப் பிடித்துவிட்டேன். ஜனங்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். கௌரம்மாவுக்கு மைசூர்பாகு. அம்மாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்: 'வ. தேறிவருகிறாள்.' இதே வேகத்தில் போனால் தீபாவளிக்குள் பாதி சரியாகிவிடும்.

வ. சிரித்தாள். களைத்துப்போன சிரிப்பு. நடந்து வந்ததால் இருக்கும். படியேறும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

1.10.90 திங்கள்

வெயில். பேக்டரியிலிருந்து வந்து கொடியில் துணி எடுத்தேன். அவளுடைய உள்பாவாடையில், இடுப்புப் பக்கம், வட்டமாய் ஒரு கிரீஸ் கறை. சுற்றிலும் பல் பல்லாய். ஒரு இடத்தில் மட்டும் பல் இல்லை.

அங்கேயே நின்று எண்ணினேன். பழக்கம். எண்ண வேண்டிய தேவையே இல்லை.

உள்ளே வந்தால் கியர் எப்போதும் போல டைரி மேல் இருக்கிறது. நேற்று இருந்ததா? நேற்று சந்தோஷத்தில் எழுதும்போது பார்க்கவே இல்லை.

கியர் ஒன்றரை கிலோ. கூடியது ஒரு கிலோ. அப்படியானால் கூடவில்லை. அரை கிலோ இறங்கியிருக்கிறது.

பத்து வருஷ சர்வீஸ். என்னைத் தாண்டி என் ரிஜெக்ட் பீஸே பாஸ் ஆகிவிட்டது. முதலில் கோபம்தான் வந்தது. அம்மாவுக்குப் போட்ட கார்டு, மைசூர்பாகு, எல்லாம் நினைத்து மானம் போனது. பிறகு அவள் அந்த இரும்பை இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்ததை நினைத்தேன். ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு பயம். எனக்கு அழுகை வந்தது. அவள் கடைக்குப் போயிருந்தாள், நல்லவேளை.

2.10.90 செவ்வாய்

காந்தி ஜெயந்தி, லீவு. என்ன சொல்வது என்று காலை முழுக்க யோசித்தேன். சொன்னது இதுதான். மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்து அவள் பக்கத்தில் வைத்து, "கிரீஸ் கறை சோப்புக்குப் போவாது. இதுல தொட்டுத் தேய்" என்றேன்.

அவள் பாட்டிலையே பார்த்தாள். நான் மொபெட்டைத் துடைக்கப் போய்விட்டேன். வெகுநேரம் கழித்துத் துணி தேய்க்கும் சத்தம் கேட்டது.

கியரை ஒளித்து வைக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

7.10.90 ஞாயிறு

மூட்டம். ஒன்பது மணி.

கிளம்பும்போது வ. உள்ளே போனாள், வந்தாள். மறுபடி உள்ளே போனாள். பிறகு புடவைக்குள் கை விட்டு முடிச்சை அவிழ்த்து, கியரை எடுத்து டைரி மேல் வைத்தாள். டக்கென்று சத்தம்.

"இது இல்லாம பாக்கலாங்க."

சரி என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் சீட்டை இந்தத் தடவை அவளே எடுத்தாள், அவளே படித்தாள், என்னிடம் கொடுத்தாள். முதல் சீட்டுக்கு ஒரு கிலோ குறைவு.

"சேக்கணும்தானுங்களே?"

"ஆமா. நாளைக்குக் காலையில பஸ்."

"கூட இருப்பீங்களா?"

"லீவு போட்டுட்டன்." இன்னும் போடவில்லை. நாளைக்கு அங்கிருந்து போன் பண்ண வேண்டும்.

"பயமா இருக்குதுங்க."

"எனக்குந்தான்."

திரும்பும்போது மொபெட்டில் ஏற வேண்டாம், நடக்கலாம் என்றாள்; தள்ளிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் கௌரம்மா, இடுப்பில் குடம். எப்போதும் போலக் கேட்டார்:

"ஊட்டா ஆய்த்தா, வசந்தம்மா?"

வ. படியில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல, கௌரம்மா. நான் சாப்படறதே இல்ல."

கௌரம்மா பழக்கத்தில் "ஒள்ளேது" என்று சொல்லிவிட்டு நாலடி போய்விட்டார். அப்புறம்தான் நின்றார். குடத்தைக் கீழே வைத்தார்.