எந்தப் பள்ளியை மூடுவது என்று எங்களையே கேட்டார்கள்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசளவில் எப்படி என்று கேட்டால் அதற்குத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், உன் இருமல் நின்றதா, அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது கழுத்தைச் சுற்றி ஏதாவது போட்டுக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே சுருக்கமாச் சொல்லும்மா என்கிறாய், இது சுருக்கமாகச் சொல்கிற விஷயம் இல்லை, காகிதம்தான் என் பேச்சை நடுவில் வெட்டாது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என்மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. முன்னறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி மிச்சமில்லை, எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் பள்ளிக்கூடப் பிரச்சினையோடு உட்கார்ந்திருக்கிறார். நேற்று வெல்டிங் பட்டறையிலிருந்து சாப்பிட வந்தவர் உட்கார இடமில்லாமல் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டார், சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தை வைத்த சத்தத்தில் எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டார். உன் தம்பி போன் செய்து மாதக்கணக்காகிறது, உனக்குச் செய்தால் பெற்றவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஞாபகப்படுத்து.

இந்தப் பெற்றோர் சங்க வேலை நானாகத் தேடிப் போனதில்லை, அது உனக்கே தெரியும். நம் கடைத்தெருப் பள்ளி, மலைமேல் உள்ள பள்ளி, கல்குவாரிப் பக்கத்துப் பள்ளி என்று மூன்றுக்கும் தனித்தனிச் சங்கம் இருந்தது, தனித்தனியாகக் கல்வி அலுவலகத்துக்குப் போய்த் தனித்தனியாகத் திட்டு வாங்கி வந்தார்கள். சேர்ந்து போனால் கொஞ்சமாவது மதிப்பார்களே என்று ஒரு நாள் வாய் தவறிச் சொன்னேன், மூன்றையும் சேர்த்துக் கூட்டிப் போகிற வேலையைச் சொன்னவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். மலைக்காரர்களுக்கு ஒரு பேச்சு, எங்கிருந்தோ கல் உடைக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட குவாரிக்காரர்களுக்கு ஒரு பேச்சு, நமக்கு நம் பேச்சு. அந்த இரண்டிலும் எனக்கு வாங்க, உட்காருங்க, கூட்டம், வியாழக்கிழமை, இவ்வளவுதான் தெரியும். நல்லவேளையாகச் சலூன்காரர் இருக்கிறார், எல்லா ஊர்த் தலையும் அவர் நாற்காலிக்குத்தான் வந்தாக வேண்டும் என்பதால் மூன்று பேச்சும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த மனிதருக்கு யார் மனமும் நோகக் கூடாது. மலைக்காரர் ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு மூச்சுவிடாமல் கத்துவார், நம் சலூன்காரர் திரும்பி "அவருக்குக் கொஞ்சம் வருத்தம்" என்பார். நான் என்னத்தைப் புரிந்துகொள்வது.

இப்போது வந்த வினை என்னவென்றால், மூன்று பள்ளியிலும் பிள்ளைகள் குறைவு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மூடப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள் என்று அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. மலைப் பிள்ளைகள் கீழே வர ஓடையைத் தாண்ட வேண்டும், மழை பெய்தால் அதுவும் முடியாது. குவாரிப் பிள்ளைகள் இந்தப் பக்கம் வர லாரிகள் பறக்கிற சாலையைக் கடக்க வேண்டும். நம் பள்ளிக்கு அந்தத் தொல்லை இல்லை, கூரைதான் ஒழுகுகிறது. எதை மூடினாலும் யாரோ ஒருத்தர் பிள்ளை வீட்டில் உட்கார்ந்துவிடும், அதனால் மூன்றும் வேண்டும், ஒரே குரலில் கேட்போம் என்று எல்லோரையும் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நம் கடைத்தெருப் பள்ளிச் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர்தான் முதலில் கை தூக்கினார், அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாதான் முணுமுணுத்துக்கொண்டே பட்டறை வேனில் எல்லோரையும் அலுவலகத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். கல்வி அதிகாரிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஆகட்டும். கழிப்பறைக்குக் கதவில்லை என்றாலும் ஆகட்டும் பார்க்கலாம், கணக்கு டீச்சர் இல்லை என்றாலும் ஆகட்டும் பார்க்கலாம், அதற்குமேல் அவர் ஒரு சொல் பேசி நாங்கள் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் பேசினார். நான் மூன்று பள்ளியும் வேண்டும் என்று ஆரம்பித்ததும் சிரித்துக்கொண்டே, "உங்க தலைவர் நேத்து வேற மாதிரி சொன்னாரேம்மா" என்றார். மருந்துக்கடைக்காரர் முந்தின நாள் யாருக்கும் தெரியாமல் போய், கடைத்தெருப் பள்ளியை மட்டும் விட்டுவிடுங்கள், மலைப் பிள்ளைகளும் குவாரிப் பிள்ளைகளும் எப்படியும் பாதியில் நின்றுவிடுகிறவர்கள்தானே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அதோடு விட்டாரா அந்த ஆகட்டும். உங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை, பக்கத்து அறையில் உட்கார்ந்து எது இருக்க வேண்டும் என்று நீங்களே பேசி முடிவு செய்து வாருங்கள், அதையே எழுதிக்கொள்கிறேன் என்று எங்களை அனுப்பிவிட்டார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே கூத்தாடி நாற்காலி போட்டு உட்கார்ந்து ரெண்டாக்குகிறார்.

அந்த அறையில் உடைந்த பெஞ்சும் பழைய வினாத்தாள் கட்டுகளும்தான் இருந்தன, உட்கார இடமில்லை, எல்லோரும் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் கத்தினார்கள். குவாரியில் கல் உடைக்கிற பெண், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலைவர் என்ன சொன்னார் என்று சலூன்காரரைக் கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். இதையும் கொஞ்சம் வருத்தம் என்று பூசி மெழுகிவிடுவார் என்று தெரிந்து, "அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை குறையக் கூடாது" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு இரண்டு பேச்சிலும் சொன்னார். கத்தல் நின்றுவிட்டது. குவாரிப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். மலையில் ஆடு வளர்க்கிற அக்காதான் மருந்துக்கடைக்காரரைப் பார்த்து மெதுவாகப் பேசினாள், சலூன்காரரும் இந்த முறை நான் கேட்காமலே உள்ளபடியே சொன்னார். "என் பொண்ணு பாதியில நின்னவதான். உங்க கடையில வாங்குற மாத்திரை அட்டையை அவதான் படிச்சு எங்க எல்லாருக்கும் சொல்றா. அவளை நாங்க நிறுத்தல, மலையில அதுக்குமேல வகுப்பு இல்ல."

மருந்துக்கடைக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. என் பேரன் கடைத்தெருப் பள்ளியில்தான் படிக்கிறான், நான் என்ன செய்யட்டும் என்றார். அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த அறையில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தானே வரும் என்று தோன்றியதும் கோபம் அவரை விட்டுவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் மேல் போய்விட்டது. யார் பிள்ளை வேண்டாம் என்று எங்கள் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்க்கிறாரே, அப்புறம் ஆயுளுக்கும் நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பழித்துக்கொண்டிருப்போம், அவர் கை கழுவிவிடுவார். முடிந்ததா என்று உதவியாளர் வந்து கேட்டார். முடியவில்லை, ஆனாலும் வருகிறோம் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். "நாங்க சொல்ல மாட்டோம் சார். எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்னு நீங்களே எழுதி, கையெழுத்துப் போட்டு, இங்கயே வாசிங்க. மூணு பேச்சுலயும் சொல்ல ஆள் இருக்கு" என்றேன். அவர் பேனாவை எடுத்தார், மூடினார், கண்ணாடியைத் துடைத்தார். மருந்துக்கடைக்காரர் முன்னால் வந்து, நேற்று நான் சொன்னது என் சொந்த அபிப்பிராயம், சங்கத்தின் பேச்சு இல்லை, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்றார். குரல் அவருக்கே கேட்டிருக்காது, ஆனாலும் சொன்னார். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆகட்டும், இந்த வருஷம் மூன்றும் இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். மலைப் பேச்சு தெரிந்த டீச்சர் ஒருவர் வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் ஆகட்டும்தான், அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு ஆனபிறகாவது வேனில் நிம்மதியாக வந்தார்களா என்று கேள். அலுவலகம் புதிதாகப் பெஞ்சு தரப்போகிறதாம், அது யாருக்கு முதலில் என்று கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். இனிமேல் என்னால் ஆகாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, இதை எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று சலூன்காரரிடமும் சொன்னேன். அவர் பணிவாக இரண்டு பேச்சிலும் ஏதோ சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் கூட்டம் என்பதும் வியாழக்கிழமை என்பதும் என் காதில் தெளிவாக விழுந்தது. முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த உன் அப்பா தோள் குலுங்கச் சிரித்தார், எத்தனை நாள் கழித்து என்கிறாய்.

இதில் உனக்கு என்னம்மா கிடைக்கிறது என்று நீ கேட்கிறாய், எரிச்சல் கிடைக்கிறது, தலைவலி கிடைக்கிறது, அடுத்த வருஷம் மறுபடி அந்த அறை கிடைக்கும். திங்கட்கிழமை காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், பள்ளி மணி அடித்தது. நம் வீட்டுக்கு நம் பள்ளி மணி ஒன்றுதான் கேட்கும். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டும் அடித்து முடிகிற வரைக்கும் சும்மா நின்றிருந்தேன்.

குட்டி நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, உன்னை மாதிரி வாயாடியாக வளரட்டும், நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வைத்தால் வேலை இருக்கிறது என்று போகாமல் இருந்துவிடாதே. போய்ப் பின்வரிசையிலாவது உட்கார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா